உப்புமா டாக்டர் பேசுகிறேன்

எனக்கு உப்புமா நன்றாகவே வரும். ரவையை நெய்யில் வறுத்து, தண்ணீரை அளந்து ஊற்றி, கடைசியில் ஒரு கைப்பிடி முந்திரி போடுவேன். பொலபொலவென்று இருக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், பாண்டியராஜ் தம்பி. உங்கள் ரைட்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மாவட்டத்தில் என் உப்புமாவை நினைத்துச் சிரிக்காத வாய் கிடையாது. போன வருஷம் காவலர் குடும்ப விழாவில் இன்ஸ்பெக்டர் நீங்களே முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். நான் உங்களுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

மாடனை விட்டுவிடுங்கள். அதைச் சொல்லத்தான் இந்தச் சாரலில் நனைந்துகொண்டு வந்தேன். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற மனிதர் அவர். என் வீட்டுக்காரரின் கழுத்தைக் கண்டபடி திருப்பி அவர் பேச்சைப் பறித்துவிட்டார் என்று என் மகள் அபி உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். பெங்களூரில் இருக்கிறாள், அப்பா செல்லம், எதிலும் அவசரம். அவள் மேல் தப்பில்லை. ஆனால் நான் மெனக்கெட்டுப் படித்து, தென்காசியில் ஸ்கேன் சென்டர் வைத்து, தலை நரைக்கும்வரை கற்றுக்கொண்ட தொழிலை வைத்துச் செய்த காரியத்துக்கு மாடன் பேரை எழுதிவைத்திருக்கிறீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

நிதானமாகவே சொல்கிறேன். இங்கே யாரும் குறுக்கே பேசுவதில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒரு ஆள் வேறு. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இப்படி ஒரு இடம் இருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று உள்ளே நுழைந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் குற்றாலீஸ்வரனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டிமன்றத்துக்கு நடுவராக உட்கார்ந்தால் இரண்டு அணியும் பேசுவதைவிட அவர் ஒருவர் பேசுவது அதிகமாக இருக்கும். கோயில் கொடைத் திருவிழா, கல்லூரி விழா, துபாய்த் தமிழர் சங்கம் என்று அழைப்புக்குப் பஞ்சமில்லை. எங்கே போனாலும் முதலில் சொல்வது என் உப்புமாவை.

"கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரி உப்புமா கிண்டுனாய்யா. ஒரு கரண்டி தரையில விழுந்துட்டு. மறுநா கொத்தனார் வந்து பாத்துட்டு, 'சார், இந்த சிமெண்டு எந்தக் கடையில வாங்குனீக'ங்காரு."

அடுத்தது என் தொழில். "ஊர்ல உள்ளவன் வயித்துக்குள்ள எல்லாம் பாத்துச் சொல்லுதா. என் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியல." இதற்குக் கைதட்டல் ஓய்வதற்கே நேரமாகும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பித்தப்பையில் கல் என்று வலியோடு வந்து படுத்த ஒரு பெரியவர், என் முகத்தைப் பார்த்ததும், "ஏ, உப்புமா அம்மாவா" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். திரையில் படம் ஆடிய ஆட்டத்தில் என்னால் கல்லைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நானும் அவரோடு சிரித்தேன். வேறு என்ன செய்ய? கோபப்பட்டால் அடுத்த மேடையில் அந்தக் கோபமும் வந்துவிடும்.

வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவர் முடிப்பார். "இன்னைக்கு சென்டருக்கு ஒரு பிள்ளை வந்துச்சி" என்பேன். "நிறுத்துட்டி, நான் சொல்லுதேன்" என்பார். அவர் சொல்வது என் கதையைவிட நன்றாகத்தான் இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, அபியின் படிப்புக்கு ஒரு குறை வைத்ததில்லை. வீட்டில் காற்று நுழைய இடம் இருந்தது. என் குரல் நுழையத்தான் இடம் இல்லை.

ஆனி மாதம் சுரண்டைப் பக்கம் ஒரு கோயில் கொடையில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் வலது கையிலிருந்து மைக் நழுவி விழுந்தது. ஏதோ சொல்ல வந்தார். வாயிலிருந்து குழந்தை மழலை போல ஒன்று வந்தது. கூட்டம் அதையும் நகைச்சுவை என்று நினைத்து விசிலடித்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே தெளிந்துவிட்டது. மறுநாள் காலையில் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி அனு, நேத்து மேடையில நாக்கைக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிட்டுட்டி. சனம் உருண்டு உருண்டு சிரிக்கி. நான்லா பயந்துட்டேன்."

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று சென்டருக்கு விடுமுறை. நானே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்து, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, கழுத்தில் ஜெல்லைத் தடவினேன்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடுகிறது, தம்பி. தாடைக்குக் கீழே அது இரண்டாகப் பிரியும். வாய்க்கால் பிரிகிற மடையில் குப்பை ஒதுங்குமில்லையா, கொழுப்பும் அந்த இடத்தில்தான் ஒதுங்கும். நாம் வெளியிலிருந்தே ஒலியை அனுப்பி அதைப் பார்க்கலாம். ஊசி இல்லை, வலி இல்லை. ரத்தம் ஒழுங்காக ஓடினால் திரையில் ஒரே சிவப்பாகத் தெரியும். அடைப்பு இருக்கும் இடத்தில் மத்தாப்பு கொளுத்தின மாதிரி நிறங்கள் சிதறும். மெஷினைக் காதால் கேட்டாலும் தெரியும், மூச்சு விடுகிற சத்தம் போய்ச் சீறல் வரும்.

அவரோ படுத்துக்கொண்டும் பேசினார். ஜெல் குளிருது என்றார், தலையணை தட்டை என்றார், இதை வைத்து ஒரு ஜோக் சொல்லலாம் என்றார். படம் நிலைக்கவில்லை.

"பேசாதீங்க. தொண்டை அசைஞ்சா ஒண்ணும் தெரியாது" என்றேன். எல்லா நோயாளிகளிடமும் சொல்வதுதான்.

அவர் வாயை மூடினார்.

தம்பி, அந்த அறையில் ஏசி ஓடுகிற சத்தம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தலை லேசாகி, கால் தரையில் பாவவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே பேச ஆரம்பித்தேன். பாளையங்கோட்டையில் டாக்டருக்குப் படித்தபோது நான் பேச்சுப்போட்டியில் ஜெயித்த கதை. "பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு" என்ற பழமொழியை எதிர்த்துப் பேசி, அரங்கத்தைச் சிரிக்கவைத்து, எதிரே பேச வந்த பையன்களை வாயடைக்கவைத்து ஒரு கப் வாங்கினேன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஊருக்கு வந்ததும் என் அப்பா அந்தக் கப்பை வாங்கி, "வெளிய சொல்லாத பிள்ளே, மாப்பிள்ளை அமையாது" என்று நெல் குதிருக்குள் போட்டுவிட்டார். இந்தக் கதையைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லப் பார்க்கிறேன். "பாளையங்கோட்டையில படிக்கும்போது" என்பதைத் தாண்டியதில்லை. அன்று குதிர் வரைக்கும் போனேன். கதை முடியவில்லை என்பதற்காக, பார்த்து முடித்த பக்கத்தையே திரும்பவும் பார்த்தேன்.

பேசிக்கொண்டே வேலையும் பார்த்தேன். வலது பக்கம் சுத்தமாக இருந்தது. இடது பக்கம் மடை பிரிகிற இடத்தில் முக்கால்வாசி அடைப்பு. சுண்ணாம்பு படிந்து கெட்டியான அடைப்பு என்றால் கிடந்த இடத்தில் கிடக்கும். இது மெத்தென்று, கறுப்பாக, கரையில் ஒரு துணுக்கு நாடித் துடிப்புக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தது. அது பிய்ந்து மேலே போனால் மூளையின் இடது பாதிக்குப் போகும். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பேச்சு குடியிருப்பது பெரும்பாலும் அங்கேதான். இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. அன்றே மாத்திரை ஆரம்பித்து, மதுரையில் ஒரு அறுவைச் சிகிச்சை செய்தால், ஆவணி முகூர்த்தங்களுக்கு அவர் மேடை ஏறியிருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மதுரையில் யாரைப் பிடிப்பது என்றுகூட மனதுக்குள் பேர் வந்துவிட்டது.

ஜெல்லைத் துடைத்துவிட்டேன். எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"அனு, பிரமாதம்ட்டி. இவ்வளவு நாளும் ஏம் சொல்லல?" என்றார். ஜெல் துடைத்த துணியை மடித்துக்கொண்டே அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன். "அடுத்த வாரம் கடையநல்லூர்ல இதைப் போடுதேன். கப்புன்னா சனத்துக்குச் சிரிப்பு வராது. உப்புமாக் கரண்டியைப் பரிசாக் குடுத்தாவன்னு மாத்திக்கிடுவோம். சும்மா அள்ளிரும்."

பிறகுதான், "ஆமா, கழுத்துல என்னட்டி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லங்க. பிடிப்புதான்" என்றேன். திரையிலிருந்த படத்தை அழித்தேன்.

யோசித்துப் பாருங்கள். நான் சொன்னது ஒரே ஒரு பொய், அதுவும் மூன்று சொல். அவர் என்னைப் பற்றி மேடை மேடையாகச் சொன்ன பொய்களை ஒரு தட்டிலும் இதை ஒரு தட்டிலும் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே சொல்லுங்கள். அவர் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்தவளில்லை. நூறு வயது இருக்கட்டும். வாய் மட்டும் ஓய்ந்தால் போதும் என்றிருந்தது.

பிடிப்பு என்றால் குற்றாலம்தானே. தென்காசிக்காரனுக்குத் தலைவலி, கால்வலி, கடன் தொல்லை எது வந்தாலும் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பதுதான் முதல் வைத்தியம். அவரே சொன்னார், "மாடன்ட்ட போயி நல்லெண்ணெ தேச்சி, கழுத்துல ஒரு சொடக்கு எடுத்தாச் சொகமாயிரும்." நான் தடுக்கவில்லை. "போலாமே, நானும் வாரேன்" என்றேன். ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்று எங்கள் ஊரில் சொல்வது வழக்கம், நான் கசாப்புக்காரி இல்லை என்றாலும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. மாடன் கை அன்று என்னவோ பூப்போல இருந்தது. ஆனாலும் எனக்கு உற்சாகம் குறையவில்லை. சாரல் முகத்தில் தூவுகிறது, மங்குஸ்தான் தோலில் கை சிவக்கிறது, சூடாக நேந்திரம் சிப்ஸ். காரில் வரும்போது நான் பாட்டு முணுமுணுத்தேன். "என்னட்டி, குளிச்சது நானு, குளுந்தது நீயா?" என்று கேட்டார். நல்ல கேள்வி என்று சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு ஐந்தருவிக்குப் போனோம். மாடன் அங்கே வந்திருந்தார். எண்ணெய் தேய்த்து முடித்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, ஐயாவுக்குக் கழுத்துச் சொடக்கு எடுக்கலாமா? சில டாக்டருமாரு கூடாதுங்காவ."

இவர் முந்திக்கொண்டார். "ஏலே மாடா, என் பொண்டாட்டியே டாக்டருதாம்ல. அவட்டயே கேளு."

"நல்லா எடுங்க அண்ணாச்சி, ரெண்டு பக்கமும்" என்றேன். அப்புறம், ஞாபகம் வந்ததுபோல, "இடது பக்கம் கொஞ்சம் அழுத்தி" என்றேன். மாடன் செய்தது அவ்வளவுதான். டாக்டர் சொன்னதைச் செய்தார். அதற்காக ஒரு மனிதரைப் பிடித்து உள்ளே வைப்பது நியாயமில்லை. பத்து ஊர் எண்ணெய்க்காரர்கள் இப்போது பிழைப்புப் போய் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

அருவிக்குள் போகும்போது, "தண்ணி கழுத்துல விழுற மாதிரி நில்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். துண்டோடு வெளியே காத்திருந்தேன். வெளியே வந்தவர் துண்டை வாங்கக் கை நீட்டினார், கை பாதியிலேயே தொங்கிவிட்டது. உதட்டின் வலது ஓரம் இறங்கியது. வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. பக்கத்தில் குளித்துவிட்டு நின்ற பையன்கள் அவரை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார்கள், ஒருத்தன் கைபேசியில் படம் பிடித்தான். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரித்தேன். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

ஐந்தருவியிலிருந்து தென்காசி ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். சீசன் நெரிசலில்கூட அரை மணியில் போய்விடலாம். அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது, ஆனால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். போட்டிருந்தால் பேச்சு திரும்பியிருக்கக்கூடும். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். பையன்களை விட்டு அவரைக் காரில் ஏற்றினேன். "குளிர்ல வெறச்சிட்டு, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிரும்" என்றேன். பிறகு இலஞ்சிப் பக்கம் திருப்பி, ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன்.

அங்கே அந்தக் கப் கதையை முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை முதல்வரின் சிரிப்பை நடித்தே காட்டினேன். அடுத்து அபி பிறந்த ராத்திரியின் கதை. அவர் மேடையில் சொல்வது வேறு, நடந்தது வேறு. அதற்குப் பிறகு என் அம்மா செத்த கதை. அழுதுகொண்டே சொன்னேன், முடிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் முடித்துவிட்டேன். அவர் இடது கையால் கார்க் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். தாளம் போடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். பசித்தது. செங்கோட்டை ரோட்டில் பரோட்டா வாங்கி வண்டியிலேயே சாப்பிட்டேன். அவருக்கு விழுங்க முடியாது, அதனால் கொடுக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் பொறுப்பு உண்டு. ஆய்க்குடி வழியாகச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். "தெரியல, தூங்கிட்டே வந்தாங்க" என்றேன். எப்போது என்று தெரியாமல் அந்த ஊசியைப் போட மாட்டார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. அடைப்பைப் பார்த்தவள் நான், மறைத்தவள் நான், அழுத்தச் சொன்னவள் நான், நேரத்தை ஓட்டியவளும் நான்தான். குற்றாலீஸ்வரன் பேச்சை எடுத்தது அவர் மனைவி டாக்டர் அனுசியா. இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது, தம்பி? நீங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் தெரியும். நாங்கள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. காலையில் எழுந்ததும் பேச ஆரம்பிக்கிறேன். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலைவாரிக்கொண்டே பேசுகிறேன், கஞ்சி ஊட்டிக்கொண்டே பேசுகிறேன். ஜோக்குகூடச் சொல்கிறேன், எனக்கு நன்றாக வருகிறது. அந்த இடம் அடிபட்டவர்களுக்குப் பேச்சுத்தான் போகும். மற்றவர் சொல்வது பெரும்பாலும் விளங்கும். சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டு மிஞ்சும், தண்ணீர் கேட்கவும், வலி என்று சொல்லவும், வேண்டாம் என்று சொல்லவும் அதுதான். இவருக்கு மிஞ்சியது "சரி". நான் என்ன சொன்னாலும் "சரி" என்கிறார். அபி பக்கத்தில் உட்கார்ந்து அழுதபோதும் "சரி, சரி" என்றார்.

இப்போது உங்களிடம் சொன்ன இதே கதையைப் போன வாரம், ஒன்றுவிடாமல், அவரிடம் சொன்னேன். அந்தத் துணுக்கு தலையாட்டியதையும் சொன்னேன். முழுதாகக் கேட்டார். கண்ணில் நீர் ஓடியது, அது நரம்புச் சமாச்சாரம், இந்த நோயில் சகஜம். இடது கையால் என் கையைத் தட்டிவிட்டார். மேடையில் உற்சாகம் வந்தால் மேசையைத் தட்டுவாரே, அந்தப் பழக்கம் போகவில்லை. பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு "சரி" என்றார். மன்னித்துவிட்டார், தம்பி. அவ்வளவு பெரிய மனசு அவருக்கு.

அவரிடமும் வாக்குமூலம் வாங்க வருவீர்கள், தெரியும். வாருங்கள், உப்புமா சாப்பிடலாம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மனைவி மேல் புகார் கொடுக்கிறீர்களா என்று அவரிடம் கேட்காதீர்கள். அதற்கும் "சரி" என்றுதான் வரும், வேறு சொல் இல்லாத மனிதர், அதை ஒரு பதில் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. அனுசியாவை மன்னித்தீர்களா என்று மட்டும் கேளுங்கள், அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.